உலகத் திரைத்தாய்க்குப் பதினொரு பொன்னாடை

அந்த ஆண்டு மண்டபம் கிடைத்துவிட்டது. பாராட்டுவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை.

பிரான்சுத் தமிழ்க் கலை பண்பாட்டு மேம்பாட்டு ஒன்றியத்தில் எப்போதும் அப்படித்தான். முதலில் மண்டபத்துக்கு நாள் எடுப்பார்கள். பிறகு மேடையில் யார் யார் அமர்வது, யாருக்குப் பக்கத்தில் யார் அமரக்கூடாது என்று தீர்மானிப்பார்கள். அது தீர இரண்டு மாதம் செல்லும். கடைசியாகத்தான், இத்தனை பேர் கூடிப் பாராட்டும்படி பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தேடுவார்கள். பதினெட்டு வருடங்களில் ஒன்றியம் பாராட்டாத ஆள் அந்தத் தெருவில் அநேகமாக இல்லை. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் மூன்று தடவை பாராட்டப்பட்டு, நாலாவது தடவை அழைத்தபோது நாரி நோகிறது என்று சொல்லித் தப்பிக்கொண்டார்.

இந்தச் சங்கடத்திலிருந்து ஒன்றியத்தைக் காப்பாற்றியது வலன்ரைன். காப்பாற்றும் எண்ணம் அவனுக்குத் துளியும் இருக்கவில்லை.

வலன்ரைனுக்கு நாற்பத்துநாலு வயது. மன்னார்ப் பக்கத்து ஆள். புறநகர் ஒபர்வில்லியேயில் ஓர் அறையில் இருந்துகொண்டு, லாச்சப்பலில் வரதராசாவின் அச்சகத்தில் வேலை செய்தான். திருமண அழைப்பு, மரண அறிவித்தல், கோயில் திருவிழாப் பதாகை, கடவுச்சீட்டுப் படம் எல்லாம் அவன் கையால்தான். வரதராசா ஒன்றியத்தின் உபதலைவரும்கூட. வலன்ரைனின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வரதராசா கையெழுத்திட்ட வேலைக் கடிதம் தேவைப்பட்டது. ஆகவே ஒன்றியம் எதைச் சொன்னாலும் அவனுக்கு நல்ல யோசனையாகவே படும்.

செப்ரெம்பர் மாதத்தில் ஒரு பகல், கட்டை முடியுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண் அச்சகத்துக்கு வந்தாள். ஒரு பஸ் சாரதியின் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரவேண்டும் என்றாள். அவளுடைய பிரெஞ்சும் வலன்ரைனின் பிரெஞ்சும் ஒரே அளவில் உடைந்திருந்ததால் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

"உங்கள் அண்ணனா?" என்று கேட்டான்.

"இல்லை. என் படத்தில் வருபவர். இது அவருடைய மனைவிக்கு."

அவள் பெயர் யாரினா. உக்ரைன்காரி, திரைப்பட இயக்குநர். சண்டை தொடங்குமுன் மூன்று படம் எடுத்திருந்தாள். மூன்றும் பகிடிப் படங்கள். ஒன்று, நகரசபைத் திருமண மண்டபத்தில் வேலை செய்யும் எழுதுவினைஞர் ஒருவர் தவறுதலாகத் தன்னையே இரண்டு பேருக்குக் கட்டிவைத்துவிடுகிற கதை. எந்தத் திரைப்பட விழாவும் அவற்றை எடுக்கவில்லை. பிறகு குண்டு விழத் தொடங்கியது. கிழக்கே ஒரு சிறு நகரத்தில் மிக்கோலா என்ற பஸ் சாரதி, சனமெல்லாம் வெளியேறிய பிறகும் தன் வழித்தடத்தில் நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தார். அவரோடு பத்தொன்பது நாள் பஸ்ஸில் இருந்து யாரினா படம்பிடித்தாள். அவள் திரும்பி எட்டாம் நாள் பஸ் நிலையத்தில் விழுந்த குண்டில் மிக்கோலா இறந்துபோனார். அதற்குப் பிறகு உலகம் யாரினாவைக் கண்டுபிடித்தது. இரண்டு வருடத்தில் ஏழு விருதுகள்.

அச்சு இயந்திரம் வழக்கம்போல இடையில் சிக்கிக்கொண்டது. அதைத் திருத்தும்வரை அவள் தன் மடிக்கணினியைத் திறந்து படத்தைக் காட்டினாள். எழுபத்துநாலு நிமிடம். மிக்கோலா ஒவ்வொரு தரிப்பிலும் பஸ்ஸை நிறுத்துகிறார். கதவைத் திறக்கிறார். அரை நிமிடம் காத்திருக்கிறார். ஒருவரும் ஏறுவதில்லை. கதவை மூடுகிறார். ஒரு தரிப்பில் கூரையும் உட்காரும் வாங்கும் போய்க் கம்பம் மட்டும் நிற்கிறது. அங்கேயும் நிறுத்துகிறார். ஊர்ச் சண்டையில் மடுவிலிருந்து வெளியேறிய நாளில் தாங்கள் காத்துக்கொண்டிருந்து வராமலே போன பஸ் வலன்ரைனுக்கு நினைவு வந்தது. சிக்கிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே முழுப் படத்தையும் நின்றபடி பார்த்தான்.

"விருது கிடைக்கும்போதெல்லாம் அவர் மனைவிக்கு எழுதுவேன்," என்றாள் யாரினா. "ஹன்னா என்று பெயர். அவள் விருதைப் பற்றிக் கேட்பதேயில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்பாள். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. விருது தருகிற இடங்களில் இரண்டு நிமிடத் துண்டைப் போடுவார்கள். எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்பார்கள். பிறகு சாப்பாடு. இன்றைக்கு ஒருவர் என்று எழுதப்போகிறேன்."

அந்த ஒருவர் தான்தான் என்று விளங்க வலன்ரைனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுக்கு அது பெரிய பொறுப்பாகப் பட்டது. அன்று பின்னேரம் ஒன்றியத் தலைவர் குலசேகரம் கடைக்கு வந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டான்.

"அண்ணை, ஒரு உக்ரைன் டிறெக்டர் பக்கத்திலைதான் இருக்கிறா. அவவின்ரை படத்தை எங்கடை சனத்துக்கு ஒருக்காப் போட்டுக் காட்டினால் நல்லாயிருக்கும்."

குலசேகரம் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"வெள்ளைக்காரியோ?"

"ஓம்."

"விருதுகள் வாங்கினவவோ?"

"ஏழு எண்டு சொன்னவா."

"தம்பி," என்றார் குலசேகரம், "ஒக்ரோபரிலை எங்களிட்டை ஒரு மண்டபம் இருக்கு."

செயற்குழு அந்த வாரமே அச்சகத்தின் பின்னறையில் கூடியது. இயக்குநரை நேரில் அறிந்தவன் என்ற முறையில் வலன்ரைனும் அழைக்கப்பட்டான். பதின்மூன்று பேர் மூன்றரை மணிநேரம் பேசினார்கள். முதலாவது பிரச்சினை, ஏழு விருது வாங்கியவருக்குக் கொடுப்பது எட்டாவது விருதாகிவிடுமே என்பது.

"எட்டாவது எண்டு நாங்கள் போடேலாது," என்றார் குலசேகரம். "'தமிழர் வழங்கும் முதலாவது விருது' எண்டு போடுங்கோ. பொய்யில்லைத்தானே."

அடுத்தது பட்டம். 'திரைச்சுடர்' ஏற்கெனவே நகைக்கடைக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. 'திரைஞாயிறு' அவருடைய தம்பிக்கு. 'திரைவேந்தன்' என்று ஒருவர் சொல்ல, வருபவர் பெண் என்று வலன்ரைன் நினைவூட்டினான். கடைசியில் ஆலோசகர் இராஜதுரை 'உலகத் திரைத்தாய்' என்றார். அறை நிறையக் கைதட்டல்.

"அவவுக்குப் பிள்ளையள் இல்லை அண்ணை. முப்பத்தெட்டு வயசுதான்," என்றான் வலன்ரைன்.

"தாய் எண்டுறது ஒரு பதவி தம்பி," என்றார் இராஜதுரை.

வலன்ரைன் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பை வரதராசா உரத்து வாசித்தார். 'மூன்று நகைச்சுவைப் படங்கள், ஓர் ஆவணப்படம்' என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இதென்ன ஐசே? சண்டை நடக்கிற நாட்டுக்காரி பகிடிப் படம் எடுத்தவா எண்டால் சனம் என்ன நினைக்கும்?"

"அது உண்மை முதலாளி."

"உண்மையாயிருக்கட்டும். மரியாதையாயும் இருக்கவேணும் எல்லோ."

'நகைச்சுவைப் படங்கள்' வெட்டப்பட்டு 'கண்ணீர்க் காவியங்கள்' ஆயின. மூன்று என்பது மேடைக்குப் போதாது என்று 'முப்பதுக்கும் மேற்பட்ட' ஆக்கினார்கள். வலன்ரைன் கையை உயர்த்தினான்.

"அண்ணை, எழுபத்திநாலு நிமிஷம்தான் படம். அதைப் போட்டாலே காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

குலசேகரம் அவனைக் கனிவோடு பார்த்தார். "படம் ஆரும் போடலாம் தம்பி. பாராட்ட எங்களாலை மட்டும்தான் ஏலும்."

அழைப்பிதழை வடிவமைத்தது வலன்ரைன். முப்பத்தெட்டுப் பெயர்கள் வந்தன: தலைமை, முன்னிலை, சிறப்பு முன்னிலை, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, கருத்துரை, நன்றியுரை. அட்டை நிரம்பிய பிறகு பார்த்தால் யாரினாவின் பெயருக்கு இடமில்லை. யாராவது ஒருவரை எடுக்கலாமா என்று வரதராசாவிடம் கேட்டான்.

"ஆரை எடுப்பீர்? நீரே சொல்லும். ஒரு பேரை எடுத்தால் ஒன்றியம் ரெண்டாப் போம். முதல் ரெண்டு தரமும் அப்பிடித்தான் போனது."

கடைசியில் அட்டையின் அடியில், வாகனத் தரிப்பிட அறிவித்தலுக்கு மேலே, 'மற்றும் உக்ரைன் நாட்டு இயக்குநர்' என்று ஒரு வரி சின்ன எழுத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பக்கத்தில் 'திரைப்படமும் காண்பிக்கப்படும்' என்று தன் பொறுப்பில் இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டு, யாருக்கும் தெரியாத அளவு எழுத்தைச் சிறிதாக்கினான். பதாகையில் உக்ரைன் கொடி வேண்டும் என்றார்கள். நீலம் மேலே, மஞ்சள் கீழே வைத்தான். குலசேகரம் வந்து பார்த்தார்.

"மஞ்சள் மேலை வரட்டும். மங்களம்."

"அது அவையின்ரை கொடி அண்ணை. மாத்தினால் பிழை."

"விழா எங்கடை எல்லோ?"

மஞ்சள் மேலே போனது.

யாரினா வருவதற்கு உடனே சம்மதித்தாள். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்டாள். முந்நூறு என்றான் வலன்ரைன். "சண்டையைக் கண்ட முந்நூறு பேர்," என்றாள். அன்றிரவே ஹன்னாவுக்கு எழுதியும் விட்டாள். அதைக் கேட்டதும் வலன்ரைன் அழைப்பிதழை எடுத்து உரைகளை எண்ணிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் தொடங்கவேண்டிய விழா மூன்று நாற்பதுக்குத் தொடங்கியது. மண்டபக் காவலாளி ழான்-மார்க், வாசலில் நின்று எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: ஏழு மணிக்கு விளக்கு அணைக்கப்படும். அவர் குரலில் கோபமில்லை, சட்டம் மட்டும் இருந்தது.

குத்துவிளக்கில் ஐந்து திரி. ஏற்றுவதற்குப் பதினான்கு பேர். ஆகவே ஏற்றி, அணைத்து, மறுபடி ஏற்றி, மூன்று சுற்றில் அந்தக் காரியம் நிறைவேறியது. பிறகு மௌன அஞ்சலி. எங்கள் மண்ணில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிடம், உக்ரைனில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிடம். ஒன்றியத்தின் முதலாவது பொருளாளருக்கும் ஒரு நிமிடம் வேண்டும் என்று அவருடைய மருமகன் முன்வரிசையிலிருந்து கேட்டபடியால் மூன்றாவது நிமிடமும் நடந்தது.

யாரினா மேடையின் நடுவில் இருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக வலன்ரைன். பின்னால் தலைகீழான கொடி. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். தலையைச் சற்றுச் சரித்துப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள். வலன்ரைன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான்.

தலைவர் குலசேகரம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! பதினெட்டு வருஷமாக இந்த ஒன்றியத்துக்கு நான் தலைவராக இருக்கிறேன். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு தேர்தல்கூட நடந்ததில்லை. அவ்வளவு ஒற்றுமை! இந்த அம்மையாரை உலகம் ஏழு தடவை பாராட்டியிருக்கிறது. ஆனால் உலகத்துக்குப் பாராட்டத் தெரியாது. ஒரு விருதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அப்படியல்ல. இந்த அம்மையாரின் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்கு இவ்வளவு நெஞ்சு கலங்குகிறது என்றால், பார்த்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்!"

இருபத்தெட்டு நிமிடம் பேசினார். யாரினா வலன்ரைன் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன சொன்னார்?"

"நீங்கள் வந்ததில் சந்தோஷமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஆலோசகர் இராஜதுரை அவளை 'ரஷ்ய மண் ஈன்ற ரத்தினம்' என்றார். முன்வரிசையில் யாரோ திருத்தினார்கள். "எல்லாம் குளிர்நாடுதானே," என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார். தான் பாரிசுக்கு வந்த ஆண்டு, அப்போது இருந்த குளிர், அந்தக் குளிரில் தமிழை வளர்த்த விதம் என்று போனது பேச்சு. அதை வலன்ரைன் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் 'ரஷ்ய' என்ற சொல் யாரினாவுக்கு எந்த மொழியிலும் கேட்கும். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து ஒன்றை மற்றதால் பிடித்துக்கொண்டாள். வலன்ரைன் மட்டும் அதைக் கண்டான்.

பிறகு பொன்னாடை. ஒன்றியத்தின் சார்பில் ஒன்று, மகளிர் அணி சார்பில் ஒன்று, விளையாட்டுப் பிரிவு, முதியோர் பிரிவு, அனுசரணையாளர்கள் என்று மொத்தம் பதினொன்று. ஒன்றைக் கழற்றினால் போர்த்தியவருக்கு அவமரியாதை என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாகவே போர்த்தினார்கள். ஏழாவதற்குப் பிறகு அவளுடைய முகம் தெரியவில்லை. படம் எடுப்பவர், அம்மாவைச் சிரிக்கச் சொல்லுங்கோ என்று வலன்ரைனிடம் கத்தினார். சிரிக்கிறாளா இல்லையா என்று சொல்ல அவனாலும் முடியவில்லை.

ஆறு முப்பத்தெட்டுக்கு விளக்குகள் அணைந்தன. திரையில் பனி. பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. மண்டபத்தில் இருந்த சலசலப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மிக்கோலா முதலாவது தரிப்பில் நிறுத்தினார். கதவைத் திறந்தார். காத்திருந்தார். மூடினார். இரண்டாவது தரிப்பு. பின்வரிசையில் ஒரு குழந்தை அழ, தாய் அதை வெளியே கொண்டுபோகாமல் வாயைப் பொத்தித் தட்டிக்கொடுத்தாள். வலன்ரைன் திரையைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்தான். முந்நூறு முகங்களிலும் பனியின் வெளிச்சம். எண்ணத் தொடங்கினான்.

பதினொராவது நிமிடத்தில் படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. நன்றியுரைக்கு நியமிக்கப்பட்ட சுப்ராயன் ஒலிவாங்கியோடு நின்றார். அவர் பாண்டிச்சேரிக்காரர். ஒன்றியத்தில் எல்லாத் தமிழரும் உண்டு என்பதற்கு ஆதாரமாகச் சேர்க்கப்பட்டவர். தன் உரை நடக்காவிட்டால் பதவி விலகுவதாக முதல்நாளே அறிவித்திருந்தார்.

"மன்னிச்சிக்கணும். ஏழு மணிக்கு மண்டபத்தை மூடிடறாங்க. நன்றி சொல்லாம ஒரு விழா முடிஞ்சா அது நம்ம பண்பாடு இல்லீங்க."

அவர் முப்பத்தெட்டுப் பேருக்கும் தனித்தனியே நன்றி சொன்னார். ஒலி அமைத்தவர்களுக்கு, பலகாரம் சுட்டவர்களுக்கு, மழை பெய்யாததற்கு. அப்போது மண்டபத்தின் நடுவில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அறுபது வயது இருக்கும். தில்லைநாயகி என்று பிறகு தெரிந்தது. திரான்சிப் புறநகரில் குடியிருந்து, ஹொட்டல் அறைகளைத் துப்புரவு செய்து வாழ்பவள்.

"தம்பி," என்று மேடையைப் பார்த்துக் கேட்டாள், "அந்த பஸ் பிறகு எங்கை போச்சுது?"

சுப்ராயன் பேச்சை நிறுத்தினார். குலசேகரம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, அமைதி. அதெல்லாம் இணையத்திலை இருக்கும்."

"நான் இணையத்துக்கு வரேல்லை. பஸ் எடுத்து, றெயின் எடுத்து இஞ்சை வந்தனான். அழைப்பு அட்டையிலை சின்னனாப் போட்டிருந்தது, திரைப்படமும் காண்பிக்கப்படும் எண்டு. நான் வாசிச்சனான்."

"அதுதான் காட்டினோமே அம்மா. பதினொரு நிமிஷம்."

"அவன் ரெண்டு தரிப்புத்தான் தாண்டினவன்," என்றாள் தில்லைநாயகி.

ஏழு மணி. ழான்-மார்க் விளக்குகளை அணைத்தார்.

வெளியே நடைபாதையில், பதினொரு பொன்னாடைகளும் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் இருக்க, யாரினா விருதாகக் கிடைத்த கண்ணாடிக் கேடயத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கைபேசி அதிர்ந்தது. பார்த்துவிட்டு வலன்ரைனிடம் நீட்டினாள். அந்த எழுத்து அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஹன்னா என்ன கேட்டிருப்பாள் என்று தெரிந்தது.

"முந்நூறு பேர் இருந்தார்கள்," என்றாள். "நான் என்ன எழுதுவது?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும் என்று சொல்ல நினைத்தான். அதற்குரிய பிரெஞ்சு அகப்படவில்லை.

திங்கட்கிழமை ஒன்றியத்தின் செய்திமடலை அச்சுக்கோக்க வேண்டியிருந்தது. வரதராசா கையால் எழுதிய தாளைத் தந்தார். 'உலகத் திரைத்தாயின் ஒப்பற்ற காவியத்தை முழுமையாகக் கண்டு அரங்கமே கண்ணீரில் மூழ்கியது.' வலன்ரைனின் விரல்கள் அந்த வரியில் நின்றன.

"முதலாளி, 'முழுமையாக' எண்டதை மட்டும் எடுப்பமோ?"

"ஏன்?"

"ஒருத்தரும் பாக்கேல்லை எல்லோ."

வரதராசா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வலன்ரைன், உம்மடை வதிவிடக் கார்ட் எப்ப முடியுது?"

"ஜனவரியிலை."

"அப்ப எழுதினதை அடியும்."

அடித்தான். அடித்து முடித்துப் பிழை திருத்தி, அந்த வரியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அச்சுக்கு அனுப்பினான். அதன் பிறகு குளியலறைக்குப் போய் நெடுநேரம் கை கழுவினான். அன்று மாலை தில்லைநாயகி கடை வாசலில் வந்து நின்றாள். அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் கூட வந்திருந்தார்கள்.

"தம்பி, நீர்தானே மேடையிலை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலை இருந்தனீர்? பஸ் எங்கை போச்சுது எண்டு சொல்லும். எனக்கு ராத்திரி நித்திரையில்லை."

வலன்ரைன் சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடினான். செவ்வாய்க்கிழமைகளில் வரதராசா காகிதம் எடுக்க ஒபர்வில்லியே போவார். ஐந்து மணிக்கு முன் திரும்பமாட்டார்.

"நாளைக்கு மூண்டரைக்கு வாங்கோ அக்கா," என்றான். "நான் சொல்லுறதிலும் பாக்க, நீங்கள் பாருங்கோ."

செவ்வாய் மூன்றரை மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். தில்லைநாயகி, அவளுடைய இரண்டு தோழிகள், பக்கத்து மரக்கறிக் கடையில் காசாளராக இருக்கும் சுகிர்தம், அந்தக் கடைக்குப் பெட்டி இறக்க வந்து இவர்களைக் கண்டு கூடவே நுழைந்த ஒரு வான் சாரதி. ஆறாவது ஆள் ழான்-மார்க். யாரினாவிடம் கேட்டறிந்து, சீருடை இல்லாமல் வந்திருந்தார். ஞாயிறன்று பின்சுவரில் சாய்ந்து நின்று தானும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். விளக்கை அணைத்தது தன் கடமை, ஆனால் அந்த பஸ் எங்கே போனது என்று தனக்கும் தெரியவேண்டும் என்றார்.

வலன்ரைன் கதவைப் பூட்டி, பதாகை அடிக்கும் வெள்ளைத் துணியைச் சுவரில் கட்டினான். அவன் அழைத்து வந்திருந்த யாரினா தன் மடிக்கணினியிலிருந்து படத்தை ஓடவிட்டாள். அடியில் ஓடிய பிரெஞ்சு வரிகளை வலன்ரைன் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. மிக்கோலா பேசுகிறவர் அல்ல.

இருபது நிமிடம் சென்றிருக்கும். கதவு தட்டப்பட்டது. வலன்ரைன் நீக்கலாகத் திறந்தான். வெளியே குலசேகரம், கையில் புகைப்படக் கருவியோடு.

"அந்தப் பிள்ளை இஞ்சை இருக்கெண்டு சொல்லிச்சினம். செய்திமடல் அட்டைக்கு ஒரு படம் வேணும். ஞாயிறு எடுத்த ஒண்டிலையும் அவவின்ரை முகம் இல்லை. பொன்னாடைதான் இருக்கு."

வலன்ரைனுக்கு ஜனவரி மாதம் நினைவு வந்தது. உள்ளே திரையில் மிக்கோலா கதவைத் திறந்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"படம் ஓடுது அண்ணை," என்றான். "பாக்கிறதெண்டால் வந்து இருங்கோ. எடுக்கிறதெண்டால் முடிஞ்ச பிறகு வாங்கோ."

குலசேகரத்தை மேடையல்லாத இடத்தில் இருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தார். நாற்காலி மிச்சமில்லை. கடைசியில் ஒரு காகிதப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். தலைமையும் இல்லை, முன்னிலையும் இல்லை. அவருக்கு முன்னால் வான் சாரதியின் அகன்ற முதுகு. எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. எட்டிப் பார்த்தார்.

கடைசித் தரிப்பில் மிக்கோலா பஸ்ஸை நிறுத்திவிட்டு இருக்கைகளுக்கிடையே நடந்து போகிறார், யாராவது எதையாவது மறந்து விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க. அன்றைக்கு யாருமே ஏறவில்லை. ஆனாலும் ஒவ்வோர் இருக்கையின் கீழும் குனிந்து பார்க்கிறார். நிமிர்ந்து, படம்பிடிப்பவளிடம் கேட்கிறார்: "நாளைக்கும் வருவாயா?" அவள் சொன்ன பதில் படத்தில் இல்லை. பிறகு கறுப்புத் திரையில், பஸ் நிலையத்தில் விழுந்த குண்டைப் பற்றி இரண்டு வரி. வலன்ரைன் அதை மொழிபெயர்க்கத் தொடங்கி, இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கிச் சொல்லி முடித்தான்.

தில்லைநாயகி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ழான்-மார்க் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குலசேகரம் கண்ணாடியைக் கழற்றி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல முயன்றார். அவருக்கு வேறு சொற்கள் பழக்கமில்லை.

"தம்பி... இந்த மனிசனுக்கு நாங்கள் ஒரு பட்டம் குடுக்கவேணும். 'பேருந்து வேந்தன்'... இல்லை, அது காணாது..." கண்ணாடியைக் கையில் மடித்தார். "அது காணாது தம்பி."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் யாரினா.

வலன்ரைன் குலசேகரத்தைப் பார்த்தான்.

"படத்தைப் பார்த்தாராம்," என்றான்.

யாரினா கைபேசியை எடுத்தாள். விரலால் ஒவ்வொருவராக எண்ணினாள். வலன்ரைனை எண்ணவில்லை, அவனை ஏற்கெனவே ஹன்னாவுக்கு எழுதியாயிற்று. ஆறில் நின்றாள்.

"இவர் இருபது நிமிடம் பிந்தி வந்தார். சேர்க்கலாமா?"

குலசேகரம் பெட்டியின்மேல் இன்னும் இருந்தார். எதற்காக வந்தார் என்பதே மறந்துபோனவர்போல, புகைப்படக் கருவி அவருடைய மடியில் கவிழ்ந்து கிடந்தது.

"சேர்த்துக்கொள்ளுங்கள்," என்றான் வலன்ரைன்.

ஏழு என்று எழுதி அனுப்பினாள். பதில் உடனேயே வந்தது. ஹன்னா கைபேசியைக் கையிலேயே வைத்திருந்திருக்கவேண்டும். யாரினா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு வலன்ரைனுக்குச் சொன்னாள்.

"முடியும்வரை இருந்தார்களா என்று கேட்கிறாள்."

இருவரும் அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் ஐந்து மணிச் சனம் கூடத் தொடங்கியிருந்தது. எந்த நேரமும் வரதராசாவின் வாகனம் வாசலில் வந்து நிற்கலாம். துணித்திரை வெறுமையாகத் தொங்கியது. ஒருவரும் எழும்பவில்லை.

'இன்னும் இருக்கிறார்கள்' என்று எழுதினாள் யாரினா.